ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, கடைமடைக்கு ஏறவில்லை

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எனக்கு 66 வயது. விகாரி வருடத்தில் பிறந்தவள். சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளும் 60 தமிழ் வருடங்களுக்கு உரியவை என்பதால், 33ஆவது படியில் கால் வைக்கும்போது 'இது என் படி' என்று நினைத்துக்கொள்வது சிறு வயதிலிருந்தே வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை நிற்காமல் ஏறிவிடுவேன். இப்போது என் படி வருவதற்குள்ளாகவே, ஈரச் சாக்கைக் கட்டிவிட்டது போல இரண்டு தொடைகளும் கனத்துவிடுகின்றன. மூச்சு வாங்குவதில்லை, நெஞ்சில் வலி இல்லை, இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது. எக்கோ, கால் இரத்தக் குழாய்களுக்கான டாப்ளர் இரண்டிலும் குறையில்லை. ஹீமோகுளோபின் 12.4, மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1. இரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் கொழுப்புக்கு ஒன்றுமாக இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். 'பெரிய குழாயில் அடைப்பு இல்லை; வயதாவதால் சின்னக் குழாய்களில் வரும் மாற்றம்தான், பார்த்து நடந்துகொள்ளுங்கள்' என்றார் டாக்டர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மாடி வீட்டிலிருந்து தரைத்தளத்துக்கு வந்துவிட்டோம். சாமான்களும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஆகவே கால்களுக்கு ஓய்வு நிறையவே கிடைக்கிறது. அடைப்பே இல்லாதபோது இரத்தம் ஏன் போதவில்லை? அழிந்த சின்னக் குழாய்கள் மறுபடி உண்டாகுமா? நான் ஓய்வெடுக்க வேண்டுமா, நடக்க வேண்டுமா? மகன் வாங்கி அனுப்பிய, திராட்சையிலிருந்து எடுத்த ரெஸ்வெரட்ரால் மாத்திரையைச் சாப்பிடலாமா?"

அன்புள்ள அம்மா,

உங்கள் மருத்துவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதி உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது. "கால்களுக்கு ஓய்வு நிறையவே கிடைக்கிறது" என்ற அந்த வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில், அடைப்பு இல்லாமலே இரத்தம் எப்படிப் போதாமல் போகும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். கடிதத்தில் மிக நல்ல கேள்வி அதுதான்.

நீங்கள் காவிரிக் கரையில் வாழ்பவர் என்பதால் இதைச் சொல்வது எனக்கு எளிது. ஆற்றில் கரை நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைமடையில் பயிர் வாடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாப்ளர் கருவி பார்ப்பது ஆற்றையும் பெரிய வாய்க்கால்களையும் மட்டுமே. தொடைத் தமனி சுண்டுவிரலை நெருங்கும் பருமன் உடையது; அதிலிருந்து பிரிந்து பிரிந்து சிறுத்துச் செல்லும் குழாய்கள் கடைசியில் தந்துகிகளாகின்றன. ஒரு தந்துகியின் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. இரத்தச் சிவப்பணுவின் அகலமே 7, 8 மைக்ரான் ஆகையால், அவை வரிசையாக, பல இடங்களில் உடலை மடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் உள்ளே நுழைய முடியும். ஆக்சிஜன் தசைக்குள் இறங்குவதும், சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் போய்ச் சேர்வதும், கழிவு வெளியேறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இவற்றில் ஒன்றைக்கூட டாப்ளர் காட்டாது.

பட்ட மேற்படிப்பின்போது மனிதத் தொடைத் தசையின் குறுக்குவெட்டுத் துண்டை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தசை நார்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல நெருக்கமாக அடுக்கியிருந்தன. ஒவ்வோர் அறையின் விளிம்பிலும், மூலைகளிலும், சாயம் ஏறிய கரும்புள்ளிகள் மூன்று, நான்கு என ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தந்துகி. விளையாட்டுப் பயிற்சி எதுவும் இல்லாத, நலமுள்ள இளைஞர் ஒருவரின் தொடையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 300 இருக்கும். அதாவது ஒரு சிறு கடுகைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் பரப்புக்குள் இருநூறுக்கு மேல். அடுத்து வைக்கப்பட்ட துண்டு வயதான ஒருவருடையது. அதில் சில நார்கள் சூம்பிக் கோணலாகியிருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த புள்ளிகளும் குறைவாகத் தெரிந்தன. அன்று எனக்குத் தோன்றியது, "வயதானால் குழாய்கள் அழிகின்றன, அவ்வளவுதான்" என்பதே. அது அவசரப்பட்டுச் செய்த முடிவு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. அறுபதைத் தாண்டியவர்களின் கெண்டைக்கால் தசையில், இளைஞர்களைவிடத் தந்துகிகள் கணிசமாகக் குறைவு என்று சில ஆய்வுகள் கண்டன. அதே வயதினரிடம் பெரிய வேறுபாடு இல்லை என்று வேறு சில கண்டன. யாரைச் சோதித்தார்கள், அவர் நடமாடுகிறவரா, வீட்டோடு இருப்பவரா, எந்தத் தசையிலிருந்து துண்டு எடுத்தார்கள் என்பதையெல்லாம் பொறுத்து விடை மாறுகிறது. ஓரளவு ஒத்துவரும் செய்தி ஒன்று உண்டு: வேகமாகச் சுருங்கி விசையைக் கொடுக்கும் நார்கள்தாம் வயதில் அதிகம் சூம்புகின்றன, தந்துகி இழப்பும் அவற்றைச் சுற்றியே கூடுதலாகத் தெரிகிறது. படி ஏறும்போதும், தரையிலிருந்து எழும்போதும் கைகொடுப்பவை இந்த நார்களே. சமதரையில் உங்களுக்குத் தொல்லை இல்லாமல், படியில் மட்டும் தொடை கனப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஆனாலும் என் பார்வையில், புள்ளிகளின் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவற்றுக்குத் தண்ணீர் விடும் மதகுகளின் நடத்தை. தந்துகிகளுக்கு முன்னால் இருக்கும் நுண்தமனிகளின் சுவரில் தசை உண்டு. அது இறுகினால் வழி குறுகும், தளர்ந்தால் விரியும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே உடலின் தசைகள் அனைத்துக்கும் சேர்த்துப் போகிறது. கடுமையாக உழைக்கும்போது அது ஐந்தில் நான்கு பங்குக்குக்கூட ஏறும். இந்த மாற்றத்தைச் சில நொடிகளில் நிகழ்த்துபவை இந்த மதகுகளே. நுண்குழாய்களின் இரத்த ஓட்டம் இப்படி ஆளப்படுகிறது என்பதை ஆராய்ந்ததற்காகத்தான் கோபன்ஹேகன் விஞ்ஞானி ஆகஸ்ட் குரோவுக்கு 1920ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஓய்வில் பெரும்பாலான தந்துகிகள் மூடிக்கிடக்கின்றன என்ற அவரது கருத்தைப் பிந்திய ஆய்வுகள் ஏற்கவில்லை. தந்துகிகளில் பெரும்பாலானவற்றில் ஓய்விலும் ஏதோ ஒரு வேகத்தில் சிவப்பணுக்கள் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மாறுவது ஓட்டத்தின் அளவும், அது எந்த நார்களுக்குப் பங்கிடப்படுகிறது என்பதும்.

மதகைத் திறக்கச் சொல்லும் செய்திகளில் முதன்மையானது நைட்ரிக் ஆக்சைடு. குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள், தங்கள்மேல் இரத்தம் உராய்ந்து ஓடும்போது இந்த வாயுவை உண்டாக்குகின்றன. அது வெளிப்புறத் தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வயதாகும்போது உட்சுவரில் ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் கூடுதலாக உண்டாகி, நைட்ரிக் ஆக்சைடு தன் வேலையைச் செய்து முடிப்பதற்குள் அதை அழித்துவிடுகின்றன. அதே நேரத்தில், குழாயை இறுக்கும் எண்டோதீலின் என்னும் பொருளின் கை ஓங்குகிறது. பெண்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: நைட்ரிக் ஆக்சைடு உற்பத்திக்குத் துணைநின்ற ஈஸ்ட்ரோஜன், மாதவிடாய் நின்றபின் பெருமளவு குறைந்துவிடுகிறது.

இரண்டாவது கட்டளை நரம்பிலிருந்து வருகிறது. குழாய்களை இறுக்கிவைக்கும் பரிவு நரம்புகளின் துடிப்பு வயதோடு ஏறுகிறது. நலமுள்ள முதியவர்களிடம்கூட, ஓய்வில் காலுக்குச் செல்லும் இரத்தம் இளைஞர்களைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். இளமையில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. உழைக்கும் தசை, நரம்பு "மூடு" என்று சொன்னாலும் கேட்காமல், தன் பகுதிக்கு மட்டும் மதகைத் திறந்துகொள்ளும். ஆக்சிஜனை இழந்த சிவப்பணுக்கள் ஏடிபி என்ற பொருளை வெளிவிட்டு "இங்கே தேவை" என்று அறிவிப்பதும் இந்த மீறலின் ஒரு பகுதி என்று கருதப்படுகிறது. வயதில் அந்த அறிவிப்பும் மங்குகிறது, மீறும் வலிமையும் தளர்கிறது. விளைவாக, நீங்கள் பத்துப் படி ஏறியதும் தொடை கேட்கும் அளவு இரத்தம் உடனே வந்து சேர்வதில்லை. வருவதும் தேவையான நார்களுக்குச் சரியாகப் பங்கிடப்படுவதில்லை. நின்றதும் கேட்பது குறைகிறது, வரவு ஈடாகிறது, கனம் இறங்குகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் இதுதான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

இவற்றோடு, தந்துகியைச் சுற்றியுள்ள மெல்லிய உறை வயதில் தடிக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தடிக்கும். உங்கள் 6.1 என்ற அளவு நீரிழிவு அல்ல, அதன் வாசற்படி. உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின், தசைக்குச் சர்க்கரையை உள்ளே எடுக்கக் கற்றுத்தருவதோடு, தசையின் நுண்குழாய்களில் ஓட்டத்தையும் கூட்டுகிறது. அந்தக் கதவு சரியாகத் திறக்காதபோது சர்க்கரையும் இரத்தத்திலேயே தங்குகிறது, பருப்பிலும் முட்டையிலும் கிடைத்த புரதமும் தசைக்கு நிறைவாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே படியில் கனக்கும் தொடையும் ஆய்வகச் சீட்டில் இருக்கும் 6.1உம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எண்ண வேண்டாம்.

இனி, அந்த "ஓய்வு".

அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966ஆம் ஆண்டு, 20 வயது மதிக்கத்தக்க ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் முழுமையாகப் படுக்கையில் இருக்கச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, அதே ஐவரை மீண்டும் அழைத்து அளந்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து பறித்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஐம்பது வயதுக்காரர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, முப்பது ஆண்டுகளில் இழந்த திறன் சராசரியாக முழுவதும் திரும்பியது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அடுத்த விவரம்: அந்த மீட்சி இதயம் அதிக இரத்தத்தை இறைத்ததால் வரவில்லை, வந்த இரத்தத்திலிருந்து தசைகள் கூடுதல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துக்கொண்டதால் வந்தது. பம்பு பழையதுதான், மாறியது கடைமடை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அவர்கள் ஆண்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அறுபது முதல் எழுபது வயதுள்ள ஆண்களையும் பெண்களையும் பல மாதங்கள் பயிற்றுவித்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசைத் துண்டு எடுத்துப் பார்த்த வேறொரு ஆய்விலும் தந்துகி அடர்த்தி உயர்ந்தே இருந்தது.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஆம், புதிய தந்துகிகள் உண்டாகும். தசை உழைக்கும்போது, புதிய குழாய் முளைக்கத் தூண்டும் ஒரு வளர்ச்சிப் புரதத்தைத் தசை நார்கள் சுரக்கின்றன. இரத்தத்தின் உராய்வும், நார்கள் நீண்டு சுருங்குவதால் ஏற்படும் இழுவிசையும் சேர்ந்து, இருக்கும் தந்துகி இரண்டாகப் பிளக்கவும் பக்கத்தில் புதிதாகக் கிளைக்கவும் செய்கின்றன. முதுமையில் இந்தத் தூண்டல் இளமையின் அளவுக்கு இருப்பதில்லை, அதனால் காலம் கூடுதலாகப் பிடிக்கும். மதகுகளின் பழக்கம் மாறுவது இதைவிட விரைவில், சில வாரங்களிலேயே தொடங்கிவிடும். வாழ்நாள் முழுவதும் உடலுழைப்பை விடாத முதியவர்களின் கால்களில், நரம்பின் கட்டளையை மீறித் திறந்துகொள்ளும் திறன் இளைஞர்களுக்கு நிகராகவே காக்கப்பட்டிருப்பதைக் கோபன்ஹேகனில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே "பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்று சொன்னதில் "நடந்து" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன் சில சோதனைகள் பாக்கி இருக்கின்றன. வயதின் மேல் பழியைப் போடுவதற்கு முன்பு, வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது மருத்துவரின் கடமை. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த டாப்ளர் சரியாக இருந்தாலும், இடுப்பருகே உள்ள தமனியில் மிதமான குறுக்கம் இருந்தால் உழைக்கும்போது மட்டுமே வெளிப்படலாம். அதனால் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனையை, நடக்கவைத்த பிறகு ஒருமுறை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை சிலருக்குத் தொடைத் தசைகளில் வலியையும் தளர்ச்சியையும் தரும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், எப்போது தொடங்கினீர்கள், கனம் எப்போது தொடங்கியது என்ற இரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், தேவையென்றால் தசை நொதியான சி.கே. அளவைப் பார்ப்பார். தைராய்டு, வைட்டமின் டி, பி12 மூன்றும் பார்க்கப்பட வேண்டும். முன்பக்கம் குனிந்தாலோ உட்கார்ந்தாலோதான் கனம் இறங்குகிறது, நின்றால் இறங்குவதில்லை என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கம் இருக்கலாம். உங்களுக்கு நின்றாலே இறங்குவதால் அது குறைவான சாத்தியம். ஏறும்போது நெஞ்சிலோ தாடையிலோ இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் குளிர்ந்து வெளிறுதல், படுத்திருக்கும்போது கால் வலி, ஆறாத புண் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இவை தெளிவானபின், நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய வழி இது. முதல் இரண்டு வாரம், காலையும் மாலையும் 10 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் சமதரையில் நடங்கள். பிறகு நாளுக்கு 30 நிமிடம் வரை கூட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் உங்கள் வயதினருக்கும் சொல்லும் குறைந்தபட்ச அளவு. மூன்றாவது வாரம் முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நீங்கள் விட்டுவந்த அந்த மாடிப் படிகளுக்கே திரும்புங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தொடை கனக்கத் தொடங்கியபின் இன்னும் இரண்டு மூன்று படி மட்டும் ஏறி, நின்று, முழுவதும் லேசானபின் மறுபடி ஏறுங்கள். அந்தச் சிறு கனம்தான் தசை அனுப்பும் விண்ணப்பம். அது வருவதற்கு முன்பே எப்போதும் நின்றுவிட்டால் புதிய வாய்க்கால் வெட்ட யாருக்கும் உத்தரவு போகாது. வாரத்தில் இரண்டு நாள், கைவைக்காத நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை எட்டு, பத்து முறையாக இரண்டு சுற்று செய்யுங்கள். இறங்கும்போது அவசரம் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏறி நின்ற உடனே தலை சுற்றுவதற்கு வாய்ப்புண்டு.

மதியம் உண்டபின் 10 நிமிடம் நடப்பது, உங்கள் 6.1க்கு நல்ல உதவி. நீண்ட நேரம் உட்காருவதையும் குறையுங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தபோது இளைஞர்களிடமே கால் தமனியின் விரியும் திறன் குறைந்ததையும், மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நடந்தபோது அது குறையாமல் இருந்ததையும் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி இதற்குப் போதும்.

மாத்திரை விஷயத்தில் உங்கள் மகனின் அன்பை மதிக்கிறேன், ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். உடற்பயிற்சி செய்த 65 வயதையொட்டிய ஆண்களுக்கு அதே ரெஸ்வெரட்ராலைக் கொடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், அது உதவவில்லை என்பதோடு, பயிற்சியால் கிடைத்த நன்மைகளில் சிலவற்றை மழுங்கடிக்கவும் செய்தது. ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் அளவோடு இருக்கும்போது, தசையைத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தூண்டும் செய்தியாகவும் அவை செயல்படுகின்றன. ரெஸ்வெரட்ரால் போன்ற மாத்திரை அவற்றையெல்லாம் துடைத்துவிட்டால் செய்தியும் போய்விடலாம். கீரையும் பீட்ரூட்டும் வேறு வகை. அவற்றிலுள்ள நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கிக்கொள்கிறது. கிருமிநாசினித் திரவத்தால் நாள்தோறும் வாய் கொப்பளிக்கும் வழக்கம் இருந்தால் இந்த வழி அடைபடும். சிறுநீரகக் கல் வந்திருந்தால் பசலைக்கீரையையும் பீட்ரூட்டையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து சுவாமிமலைக்குப் போய்வந்து எனக்கு எழுதுங்கள். எந்தப் படியில் நின்றீர்கள் என்பது மட்டும் போதாது. நின்ற பிறகு தொடை லேசாக எத்தனை நொடி ஆயிற்று என்பதையும் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்து அனுப்புங்கள். களைத்த தசை எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பது அதற்கு ஆக்சிஜன் வந்துசேரும் வேகத்தைப் பெரிதும் சார்ந்தது. ஆகவே நிற்கும் படி மாறுவதற்கு முன்பே அந்த இரண்டு நிமிடம் ஒன்றரையாகக் குறைந்திருக்கக்கூடும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.